சோதனை ஊசிக்குப் பிறகு செய்ய வேண்டியவை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டிலும் நலம். கழுத்து நீங்கலாக உங்கள் மற்ற உறுப்புகள் யாவும் நலமாக இருக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

"போன்ல நீ மென்னு முழுங்குவே, நானும் உன்னைப் பேச விடமாட்டேன். ஒழுங்கா உட்கார்ந்து எழுதி அனுப்பு" என்று போன வாரம் நீங்கள் சொன்னபடி, கழுத்து வலிக்குப் போடும் ஊசிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். இக்கடிதத்தில் வருபவை:

1. இதைச் சொல்ல நான் யார் என்ற தயக்கம்.
2. நான்கு வகை ஊசிகள்.
3. அவற்றில் உங்களுக்குப் பொருந்துவது.
4. ஊசிக்குப் பிறகு செய்ய வேண்டியவை.
5. நீங்கள் கேட்காத ஒரு விஷயம்.

முதலாவது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே என் காலம் போயிற்று. பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில், மருத்துவம் அல்ல. குனிந்து குனிந்து எனக்கும் கழுத்து கெட்டுவிட்டதால், ஓய்வு பெற்றதிலிருந்து இந்த ஊசிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். படித்தேனே தவிர ஒன்றுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. கரையில் உட்கார்ந்து நீச்சலைப் பற்றி எழுதுபவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது. (அ) தசை ஊசி: இறுகி முடிச்சுப் போட்டிருக்கும் தசையில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது. எளிது, ஆனால் பலன் சில நாளிலோ சில வாரத்திலோ கரைந்துவிடும். (ஆ) தண்டுவடத்தை ஒட்டிய இடத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி: நரம்பு நசுங்கி வலி கைக்கு இறங்குபவர்களுக்கு உரியது. அபூர்வமாக என்றாலும் விபரீதம் உண்டு. (இ) சோதனை ஊசி: கழுத்தின் பின்புறச் சிறு மூட்டுகளிலிருந்து வலியைச் சுமந்து செல்லும் மெல்லிய நரம்புகளைச் சில மணி நேரம் மரத்துப்போக வைப்பது. இது சிகிச்சை அல்ல, விசாரணை. வலி போனால் குற்றவாளி அந்த மூட்டுதான் என்று தெரியும். பிறகு அதே நரம்புகளுக்கு ஊசிமுனையால் சூடு வைப்பார்கள். பல மாதங்கள் நிம்மதி. நரம்பு மீண்டும் வளரும்போது வலியும் திரும்பலாம். (ஈ) நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துப் போடும் ஊசி: விளம்பரம் அதிகம், ஆதாரம் குறைவு.

மூன்றாவது. வலி கைக்கு இறங்குவதில்லை என்கிறீர்கள். ஆகவே (ஆ) வேண்டாம். (ஈ)க்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். (அ) ஜூன் வரை தாங்காது. மிஞ்சுவது (இ). எனக்குத் தோன்றுவது இப்படி. டாக்டர் வேறு சொன்னால் டாக்டர் சொல்வதே சரி.

நான்காவது. எந்த ஊசியானாலும் அன்று முழுவதும் படுத்து ஓய்வெடுங்கள். தலையை அசைக்காதீர்கள். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்தாவது. ஜூனில் லைசென்ஸ் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், அதற்குள் கழுத்து பின்னால் திரும்ப வேண்டும், இல்லையென்றால் செத்ததற்குச் சமம் என்றீர்கள். எழுபத்தாறு வயதாகிறது, இதோடு ஓட்டுவதை நிறுத்தினால் என்ன என்று கேட்கலாமா என யோசித்தேன். கேட்கவில்லை. யோசித்ததை மட்டும் தெரிவிக்கிறேன்.

குளிரில் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வீர்களோ என்ற கவலையுடன்,

தம்பி


ஜனவரி 24

டேய் கமா,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்க மாட்டே, எதையாவது நினைச்சு உருண்டுக்கிட்டு இருப்பே. உன்னைக் கட்டி மேய்க்கிறவளை நான் விசாரிச்சதாச் சொல்லு. நான் பேசற மாதிரிதான் எழுதுவேன். சிவப்புப் பேனாவைத் தூக்கிட்டு வராதே.

அஞ்சாவது பாயிண்டைப் படிச்சேன். ஏண்டா, கேக்கவும் செய்வே, கேக்கலைன்னும் சொல்வியா? எந்த விஷயத்துக்கும் நீ முற்றுப்புள்ளி வைக்க மாட்டேன்னுதானே உனக்குச் சின்ன வயசுல கமான்னு பேர் வெச்சேன். நான் வைக்கிறேன், பாரு. ஓட்டறதை விடமாட்டேன். முற்றுப்புள்ளி.

அவர் போன பிறகு இந்த வீட்டுல எனக்குத் துணைன்னு இருக்கிறது கார்தான். அப்புறம், கார்ல உட்கார்ந்து அழற பயந்தாங்கொள்ளிங்க. டிரைவிங் ஸ்கூலை வித்தாச்சு, ஆனா ரொம்ப நடுங்கறவங்களை மட்டும் இன்னும் என்கிட்டதான் தள்ளி விடறாங்க. நேத்து ஒருத்தி. பேங்க்ல மேனேஜராம், நூறு பேரை அதட்டறவ. ஸ்டீயரிங்கைப் பிடிச்சதும் கண்ணுல தண்ணி. "மேடம், பிரேக் எங்க இருக்குன்னே மறந்து போச்சு"ன்னா. "உன் காலுக்குக் கீழ ஒண்ணு, என் காலுக்குக் கீழ ஒண்ணு. நீ மறந்தா நான் மிதிக்கிறேன், போ"ன்னேன். போனாளே! லைசென்ஸ் போச்சுன்னா அந்தப் பக்கத்து சீட்டும் போச்சு. அப்புறம் நான் யாரு? ஒரு வீட்டுல ஒரு கிழவி, அவ்வளவுதான்.

வலி டாக்டரைப் பார்த்துட்டேன். சின்னப் பொண்ணு, ஆனா விஷயம் தெரிஞ்சவ. உன் அட்டவணையை நீட்டினேன். முழுசாப் படிச்சுட்டு, "உங்க தம்பி டாக்டரா?"ன்னா. "இல்லை, பயந்தவன்"னேன். அவளும் சோதனை ஊசிதான் சொல்றா. மார்ச்ல தேதி.

பதில் லேட்டானதுக்குக் காரணம், காரைப் பட்டறையில விட்டிருந்தேன். பின் விளக்கு மாத்த வேண்டியிருந்துச்சு.

ஒழுங்காச் சாப்பிடு. பயத்தைச் சாப்பிடாதே.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு இருவரும் சுகம். உங்கள் கழுத்தும் மனமும் எப்படி இருக்கின்றன என்று அறிய விரும்புகிறேன்.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பின் விளக்கு என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன். வீட்டில் சொன்னேன். "விளக்கு ஃபியூஸ் ஆகும், மாத்துவாங்க. இதுக்கு ஒரு கடிதமா?" என்றாள். "ஃபியூஸ் ஆனால் பல்பைத்தானே மாற்றுவார்கள், காரை எதற்குப் பட்டறையில் விட வேண்டும்?" என்று கேட்டேன். "உங்களோட குடும்பம் நடத்தறதுக்கு எனக்கு யாராவது ஊசி போட்டா தேவலை" என்றாள்.

விளக்கு எப்படிக் கெட்டது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

சோதனை ஊசி அன்று ஓய்வு முக்கியம். மறக்க வேண்டாம்.

உங்கள் நலனையே நினைத்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும்,

தம்பி


மார்ச் 15

கமாவுக்கு,

உடம்பு நல்லா இருக்கு. உன் உடம்பு இப்ப நல்லா இருக்கும், இதைப் படிச்ச பிறகு இருக்காது.

ஊசி போட்டாச்சு. கவுந்து படுக்க வெச்சு, திரையில எலும்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டா. எறும்பு கடிச்ச மாதிரிதான். சாயங்காலம் வரைக்கும் வலி எவ்வளவுன்னு அப்பப்போ குறிச்சு வைக்கச் சொன்னா. டாக்ஸியில வீட்டுக்கு வந்தேன். பிறந்ததுல இருந்து உன் பேச்சை நான் கேட்டது அன்னிக்கு ஒரு நாள்தான். நீ சொன்னபடி கட்டை மாதிரி படுத்துக் கிடந்தேன். வலி துளிகூட இல்லை. பூஜ்யம், பூஜ்யம்னு போட்டுக்கிட்டு ஜம்முனு மறுபடியும் டாக்டர்கிட்டப் போனேன்.

"கார்ல உட்கார்ந்து திரும்பிப் பார்த்தீங்களாம்மா?"

"இல்லையே."

"குனிஞ்சு நிமிர்ந்து வேலை ஏதாவது செஞ்சீங்களா?"

"எதுவும் இல்லை. படுத்திருந்தேன். தம்பி சொன்னான்."

பேனாவைக் கீழ வெச்சுட்டா. "படுத்திருந்தா ஊசி போடலைன்னாலும் வலிக்காதேம்மா. எதைச் செஞ்சா வலிக்குமோ அதைச் செஞ்சு பார்க்கத்தானே இந்த ஊசி? அன்னிக்கு ஓட்டக்கூடாதுன்னு சொன்னேன், அசையக்கூடாதுன்னா சொன்னேன்? இப்ப இந்தப் பூஜ்யம் ஊசியோடதா, உங்க கட்டிலோடதான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அப்புறம் உன் அட்டவணையை வாங்கி நாலாவது பாயிண்டைச் சுத்தி ஒரு வட்டம் போட்டா. "இவரை நான் ஒரு தடவை நேர்ல பார்க்கணும்"னா. மானம் போச்சுடா.

ஏப்ரல்ல மறுபடியும். இந்தத் தடவை நீ வரே. கார் முற்றத்துலயே நிக்கட்டும், என்ஜின் வேண்டாம். நான் பெல்ட்டைப் போட்டுக்கிட்டு முன்னால உட்கார்ந்து பின்னால திரும்பறேன். நீ பின் சீட்டு மூலையில உட்காரு. லைசென்ஸ் எடுக்க வரவங்க முக்கால்வாசிப் பேர் கோட்டை விடறது அந்த மூலையைத் திரும்பிப் பார்க்காமதான். ஜன்னலோரமா விரலைக் காட்டு. நான் எண்ணிச் சொல்றேன். உன் பொண்டாட்டி வர வேண்டாம், என் சமையலுக்கு உப்புப் பார்ப்பா.

ஸ்வெட்டர் எடுத்துட்டு வா, இங்க இன்னும் குளிர் விடலை.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். அவள் நலம். நீங்கள் நலமா?

அந்தக் கடிதத்தில் "சந்தேகமே இல்லை" என்று நான் எழுதியது ஒரே ஓர் இடத்தில்தான். அந்த இடம்தான் பிழை. மற்ற இடங்களில் எல்லாம் தயங்கினேன், அவை சரியாக இருந்தன. இனி எதை நம்பி எழுதுவது என்று தெரியவில்லை. என்னால் உங்களுக்கு இன்னொரு முறை ஊசி குத்த வேண்டியதாயிற்று.

வருகிறேன். ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். பெட்டி கட்டி, பிரித்து, மறுபடி கட்டியாயிற்று. "போருக்கா போறீங்க? பின் சீட்டுல உட்கார்ந்து விரலைக் காட்டப் போறீங்க" என்றாள் வீட்டில். அதுவே எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

பின் விளக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நினைவூட்டுவதாக எண்ண வேண்டாம்.

வந்து சேரும் வரை உங்கள் உடம்பு உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். ஊசி போட்ட இடத்தில் வீக்கம் ஏதும் இல்லையே? நீங்கள் கட்டிக் கொடுத்த சாப்பாடு ரயிலிலேயே தீர்ந்தது. உப்பு சரியாக இருந்தது.

அன்று மத்தியானம் நடந்ததை டாக்டர் எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். பின்வருமாறு கொடுக்கலாம். பாத்திரம் துலக்கினீர்கள், வலி இல்லை. கொடியில் துணி உலர்த்த அண்ணாந்தீர்கள், வலி இல்லை. நிறுத்தியிருந்த காரில் முன் இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு தோளுக்குப் பின்னால் திரும்பினீர்கள். "வலியே இல்லைடா! ஆணி புடுங்கின மாதிரி இருக்கு" என்றீர்கள். பின் இருக்கை மூலையில் ஜன்னலோரமாக நான் கையைத் தூக்கி, எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றீர்கள். சரி என்றேன். நீங்கள் சந்தோஷத்தில் ஸ்டீயரிங்கில் ஓர் அடி போட, ஹாரன் அலறித் தெருவே திரும்பிப் பார்த்தது.

வலி பூஜ்யம் என்று தாளில் எழுதியது நான். அது உண்மை.

காலையில் புறப்படும்போது பக்கத்து வீட்டு அம்மாவை வாசலில் பார்த்தேன். நலம் விசாரித்தார்கள். வலது கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தம்பி


மே 20

கமாவுக்கு,

நான் ரொம்ப நல்லா இருக்கேன். உண்மையாவே சொல்றேன், சும்மா கடிதத்துக்காக இல்லை. நீயும் அவளும் எப்படி இருக்கீங்க?

சூடு வெச்சாச்சு. முதல் வாரம் கழுத்தை யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. "இப்படித்தான் இருக்கும், பொறுங்க"ன்னா டாக்டர். பொறுத்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில எழுந்து பல் தேய்ச்சு, காபி போட்டுக் குடிச்சு முடிச்ச பிறகுதான் ஞாபகம் வந்துச்சு, ஏதோ ஒண்ணு குறையுதேன்னு. வலி! எத்தனை வருஷமா கூடவே இருந்த சனியன். போயே போச்சு.

ஓட்டிக் காட்ட ஜூன் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்காங்க. பாஸ் பண்ணின அடுத்த வாரம் காரை எடுத்துட்டு நேரா உங்க வீட்டுக்கு வரேன். உன் பொண்டாட்டியை முன்னால உட்கார வெச்சு ஒரு சுத்து. நீ பின்னால. உனக்கு அதுதான் பழகின இடம்.

நீ ஏன் போன கடிதத்துல அவ்வளவு நல்ல பிள்ளையா எழுதியிருந்தே? ஒரு கவலை இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. விளக்கைப் பத்திக்கூடக் கேக்கலை. ஏதாவது எழுதணும்னு இருந்தா எழுது. ஜூன் பதினெட்டுக்கு முன்னால எழுது.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வலி போனது கேட்டு வீட்டில் இருவருக்கும் மிகுந்த நிம்மதி. என் நலம் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். வருபவை:

1. அன்று நான் காட்டிய விரல்கள்.
2. ஏன் சரி என்றேன்.
3. பக்கத்து வீட்டு அம்மா.
4. ஊசி எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை.

முதலாவது. நான் காட்டியது இரண்டு. நீங்கள் மூன்று என்றீர்கள். உங்கள் முகம் பாதிதான் திரும்பியிருந்தது. உங்கள் கண் முன் இருக்கையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, என்னை அல்ல.

இரண்டாவது. அவ்வளவு சந்தோஷமான முகத்திடம் இல்லை என்று சொல்ல என்னால் ஆகவில்லை. இல்லை என்று யாரிடமும் நான் நேராகச் சொன்னதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அச்சகத்தில்கூட ஓரத்தில் சின்னதாகக் குறி போட்டுவிட்டு எழுந்துபோய்விடுவேன். உங்கள் ஓரத்தில் அந்தக் குறியைக்கூட நான் போடவில்லை.

மூன்றாவது. அந்த அம்மா என் பையைத் தூக்க உதவ இடது கையை நீட்டினார்கள். கைக்கு என்ன என்று கேட்டேன். "உங்க அக்கா சொல்லலையா? ஜனவரியில காரைப் பின்னால எடுத்தாங்க. கடைக்குப் போற தள்ளுவண்டியோட நான் நின்னுட்டு இருந்தேன். வண்டி மேலதான் இடிச்சாங்க, ஆனா கைப்பிடியைப் பிடிச்சிட்டு இருந்தது நான்தானே? மணிக்கட்டு பிசகிடுச்சு, இன்னும் சரியாகலை. அக்கா என்னைக் கவனிக்கவே இல்லையாம். பரவாயில்லை, விடுங்க" என்றார்கள். கோபம் இல்லாமல்தான் சொன்னார்கள். அதனால்தான் ரயில் முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தள்ளுவண்டிக்குப் பதிலாக அந்த இடத்தில் வேறு யாராவது, கொஞ்சம் உயரம் குறைந்தவர்கள் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

நான்காவது. ஊசி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. வலிதான் உங்களைத் திரும்பவிடாமல் தடுக்கிறது என்று நீங்களும் நானும் எண்ணியிருந்தோம். வலி போன பிறகும் கழுத்து அதே இடத்தில் நின்றது. எலும்பே இறுகியிருக்கலாம். அதற்கு என் அட்டவணையில் ஊசி இல்லை. வலிக்கு எது நல்லது என்று ஒப்பிட்டேன். உங்களுக்கு வேண்டியது அதுதானா என்று கேட்க மறந்தேன். இதை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். பதினெட்டாம் தேதி ஓட்டிக் காட்டப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யோசித்ததைத் தெரிவிக்கவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

தம்பி


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதினெட்டாம் தேதி போய்விட்டது. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தொலைபேசியை எடுக்கிறேன், உங்கள் எண்ணைப் பாதி அழுத்தி வைத்துவிடுகிறேன். தபால்காரர் வருவதற்கு முன்பே வாசலில் நிற்பதால் அவர் தெருமுனையிலிருந்தே இல்லையென்று கையை ஆட்டிவிட்டு வருகிறார். "இப்படி நடந்தீங்கன்னா தரை தேயும்" என்கிறாள் வீட்டில். அவளும் தூங்குவதில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி


ஜூன் 27

கமாவுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நீயும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்னு நினைக்கிறேன். தரை தேஞ்சா புதுசாப் போட்டுக்கலாம்னு அவகிட்டச் சொல்லு.

அன்னிக்குக் கார்ல எனக்கு உன் விரல் தெரியலை. கையே தெரியலை. சீட்டோட ஓரம்தான் தெரிஞ்சுது. சும்மா மூணுன்னு அடிச்சு விட்டேன். நீ சரின்னே. சொன்ன அந்த நிமிஷமே பொய்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஏன்னா பொறந்ததுல இருந்து நீ எதுக்கும் உடனே சரின்னு சொன்னதே கிடையாது. காபி வேணுமான்னு கேட்டாக்கூட ஜன்னலைப் பார்த்து யோசிப்பே. அதான் ஹாரன்ல அடிச்சேன். சந்தோஷம்னா நினைச்சே?

அப்புறம் காத்துக்கிட்டு இருந்தேன், இந்தப் பய சொல்றானா பார்ப்போம்னு. நீ சொல்லலைன்னா போய் ஓட்டிக் காட்டியிருப்பேன். எப்படியாவது பாஸும் பண்ணியிருப்பேன், எனக்குத் தெரியாத வித்தையா? அதுதான்டா என் பயம். நிறுத்துன்னு யாராவது சொல்லணும், ஆனா நான் சொல்ல மாட்டேன். கேவலமா இல்லை? வாழ்க்கை பூரா அடுத்தவங்களுக்குப் பிரேக் போட்டவ.

பதினெட்டாம் தேதி போனேன். ஓட்டிக் காட்ட இல்லை. ஓட்டத் தெரியுமான்னு பார்க்கிற பையன் பக்கத்துல ஏற வந்தான். "தம்பி, முதல்ல பின் சீட்டு மூலையில உட்காருப்பா. விரலைக் காட்டு"ன்னேன். முழிச்சான், ஆனா உட்கார்ந்தான். திரும்பி, "நாலு"ன்னேன். "நான் இன்னும் கையே தூக்கலையேம்மா"ன்னான். சாவியை எடுத்து அவன் கையில குடுத்துட்டு இறங்கிட்டேன். நானே என்னை ஃபெயில் பண்ணிட்டேன். எத்தனையோ பேரை இதுக்காக ஃபெயில் பண்ண வெச்சிருக்கேன், எனக்கு மட்டும் என்ன சலுகை? காரை ஸ்கூல்காரங்களே வந்து ஓட்டிட்டுப் போயிட்டாங்க.

பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் போனேன். "அன்னிக்குக் கவனிக்கலைன்னு சொன்னேனே, அது பொய். கழுத்து திரும்பலை, நீ தெரியலை"ன்னு சொன்னேன். "எனக்குத் தெரியும்"னா. உன்னை மாதிரி அவளும் தெரிஞ்சதைச் சொல்லாமலே வெச்சிருந்திருக்கா. கை சரியாகற வரைக்கும் கடைக்கு அவளோட நடந்து போறேன், தள்ளுவண்டியை நான் தள்றேன்.

டாக்டர்கிட்டயும் கேட்டேன். பயிற்சி செஞ்சா கொஞ்சம் திரும்பும், மூலை வரைக்கும் திரும்பாதுன்னா. வலி போச்சு, காரும் போச்சு. ரெண்டும் ஒண்ணாப் போகும்னு உன் அட்டவணையில போடலையே. சாயங்காலம் ஆனா கால் தானா பிரேக்கைத் தேடுது, சோபாவுக்கு அடியில. எழுந்து நடக்கிறேன். திரும்பி வரேன். மறுபடி எழுந்து நடக்கிறேன். நீ எப்படிடா இதைக் காலம் பூரா செய்யறே?

இப்ப உன் முறை. வருஷக்கணக்கா ஊசியைப் பத்திப் படிச்சது போதும். உங்க பக்கத்துலயும் ஒரு வலி டாக்டர் இருப்பாங்க. தேதி வாங்கு. நான் பஸ்ல வரேன். சரியா?

அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். இந்த முறை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. உங்கள் கால் இப்போது அமைதியாக இருக்கிறதா? வருபவை:

1. உங்கள் கேள்விக்குப் பதில்.
2. ஊசி அன்று நீங்கள் செய்ய வேண்டியது.
3. பேருந்தில் எங்கே உட்காருவது.

முதலாவது. சரி. கடிதம் கிடைத்த அன்றே எழுதினால் பொய் என்று நினைப்பீர்கள் என்பதால் இரண்டு நாள் வைத்திருந்து எழுதுகிறேன். ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி எனக்குச் சோதனை ஊசி. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாமல் பிழை தேடிக்கொண்டிருந்ததை டாக்டர் பார்த்துவிட்டார். "யாராவது கூட வருவாங்களா?" என்று கேட்டார். அக்கா வருவார் என்றேன். அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது. ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் நான் கட்டிலைத் தேடுவேன். விடாதீர்கள். மேசையில் பழைய மெய்ப்புத் தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன். மாலைவரை குனிந்து அவற்றைத் திருத்த வேண்டும். வலிக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று உடனே சொன்னால் நம்பாதீர்கள், மறுபடி கேளுங்கள். வீட்டில் உங்களுக்கு அறை தயார். உப்பு நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்கிறாள்.

மூன்றாவது. பேருந்தில் முன் இருக்கையில் உட்கார வேண்டாம். இன்னொருவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு அத்தனை தூரம் உங்களால் சும்மா வர முடியாது. கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். ஓட்டுநருக்கு யோசனை சொல்லத் தொடங்குவீர்கள். அவர் பாதி வழியில் இறக்கிவிடுவார். நடு வரிசையில், உள்பக்கமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. முன் இருக்கையிலேயே உட்காருங்கள். மிதிக்க வேண்டிய இடத்தில் மிதியுங்கள், ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். அங்கிருந்து சாலை முழுவதும் தெரியும். முன்னால் பார்ப்பதற்குக் கழுத்து திரும்ப வேண்டியதில்லை.

நிலையத்தில் நிற்பேன்.

கமா